ஆயாக் கொட்டகையில் ஒரு கறுப்புப் பறவை

1

மனித குலத்தின் சில விடுதலைகள் வாளால் வந்தன. சில, எழுத்தால் வந்தன. மூன்றாவது வகை விடுதலை ஒன்று, ஓசையே இல்லாமல், கேமரன் மலையின் தேயிலைச் சரிவில் ஒரு பென் டிரைவின் வழியாக வந்து இறங்கியது.

இந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் எனக்கே என்மீது மரியாதை வந்துவிட்டது. எழுந்து நின்று ஒருமுறை உரக்கப் படித்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்த பென் டிரைவ், தானா ராத்தா என்ற மலை டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமருஸ்ஸமானுடையது. விடுதலை ஏறுவதற்கு முன் அதில் இருந்தவை, கடையின் புதிய பெயர்ப்பலகைக்காக எடுத்த ரொட்டி சானாய் பரோட்டாவின் படங்கள். அவற்றை அழித்துவிட்டுத்தான் விடுதலையை ஏற்றினார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. பெயர்ப்பலகையில் இன்றுவரை படம் இல்லை.

கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து ஞாயிறு இதழ் ஆசிரியர் ஒருவர் அழைத்தார். கணினிச் சிறப்பிதழாம். "லினக்ஸ் கொஞ்சம் கொஞ்சமா சாதாரண ஜனங்க மேசைக்கு வந்துக்கிட்டு இருக்கு சார். அதைப் பத்தி ஒரு கதை. மலையில ஏதாவது நடந்திருக்குமே?" என்றார். மலையில் ஏதாவது நடந்திருக்கும் என்பது நகரத்துக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. எனக்கு லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஆகவே உடனே ஒப்புக்கொண்டேன்.

பிறகு கமருஸ்ஸமான் கடைக்குப் போய், ஒரு தே தாரிக்கை, நுரை பொங்க ஆற்றிய பால்தேநீரை, முன்னால் வைத்துக்கொண்டு, லினக்ஸ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் பக்கத்து மேசையைக் காட்டினார். "அந்தத் தம்பிகிட்ட கேளுங்க. ஆனா அவசர வேலை எதுவும் இருந்தா கேக்காதீங்க."

2

தொடக்கம் கிடைக்காமல் அலைந்தேன். கிழித்துப் போட்டவை கீழே.

அ) மூடுபனி தேயிலைச் செடிகளின் தலைமேல் மெல்ல மெல்ல...

இல்லை. கேமரன் மலைக் கதைகளில் இதுவரை இறங்கிய மூடுபனியைச் சேர்த்துவைத்தால் ஓர் அணைக்கட்டு நிரம்பும். இந்தக் கதையில் பனி கிடையாது. வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆ) கங்காணியின் அதட்டலில் தொடங்கிய ஒரு சமுதாயத்தின் நெடும்பயணம், இன்று விசைப்பலகையின்...

இதுவும் இல்லை. இப்படித் தொடங்கினால் இரண்டாம் பத்தியில் யாராவது வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

இ) குமுதா கணினியை நிறுத்திவிட்டு அழுதாள்.

இது நன்றாக இருந்தது. ஆனால் குமுதாவிடமே கேட்டுவிட்டேன். "நான் எதுக்குண்ணே அழணும்? கோவம்தான் வந்துச்சு" என்றாள்.

சரி. கோபத்திலிருந்து தொடங்குகிறேன்.

3

குமுதா எங்கள் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். வார நாள்களில் தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் நின்று, 'ஸ்ட்ராபெரி எங்கே பறிக்கலாம்' என்ற ஒரே கேள்விக்குப் பல மொழிகளில் பதில் சொல்லுவாள். சனி, ஞாயிறுகளில் தோட்டத்தின் பழைய ஆயாக் கொட்டகையில் கணினி வகுப்பு நடத்துவாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக ஒரு காலத்தில் கட்டிய கொட்டகை அது. குழந்தைகள் குறைந்ததும் கோயில் நிர்வாகத்தின் கைக்கு வந்தது. விடுதி கழித்துக் கட்டிய கணினிகளை, குமுதா முதலாளியிடம் நச்சரித்து வாங்கி, லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளி வேலை, அம்மாக்களின் அரசாங்க விண்ணப்பம் எல்லாம் அங்கேதான் நடந்தன. இந்த அறை இல்லையென்றால் பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். பஸ் தோட்டத்துக்கு வருவதை யாரும் நம்பி இருப்பதில்லை.

ஒருநாள் எல்லாத் திரையிலும் ஓர் அறிவிப்பு வந்தது. பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் இல்லை. புதிய விண்டோஸுக்கு இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை. அன்று மாலைக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: கொட்டாய் கம்ப்யூட்டர் எல்லாம் எக்ஸ்பயர் ஆகிவிட்டது. சார்டின் டின்னைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார்கள். யாரோ அடியில் தேதியைத் தேடிப் பார்த்ததாகவும் கேள்வி.

இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார் கோயில் தலைவர் நாகப்பன். தேயிலை ஆலையில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். பொன்னாடை போடுவதிலும் வாங்குவதிலும் கைதேர்ந்தவர். (எங்கள் மலையில் பொன்னாடைக்கு உண்மையிலேயே ஒரு பயன் உண்டு. குளிருக்கு ஆகும்.) நிர்வாகக் கூட்டத்தில், அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் வட்டாரப் பிரமுகரைப் பற்றி அவர் பேசியதை அப்படியே தருகிறேன்.

"டத்தோ வந்தா எங்க உக்கார வைக்கிறது? போன திருவிழாவுக்கு வந்த மனுசனைப் பந்தல்ல பிளாஸ்டிக் நாக்காலியில உக்கார வச்சோம். எனக்கு மானமே போச்சு."

"அவரு நல்லாதானே இருக்குன்னு சொன்னாரு தலைவரே," என்றாள் குமுதா.

"அது அவரோட பண்பாடும்மா. மனசுக்குள்ள அழுதிருப்பாரு. அந்தக் கொட்டாய வி.ஐ.பி. ரூம் ஆக்குறோம். சோபா போடுறோம். கார்ப்பெட் போடுறோம். ஏர்கோன் போடுறோம்."*

"பிள்ளைங்க எங்க போவாங்க?"

"எக்ஸ்பயர் ஆன சாமானை வச்சிக்கிட்டு பிள்ளைங்க என்ன பண்ணும்? சரி, நானும் கல்நெஞ்சக்காரன் இல்ல லா. பொங்கலுக்கு முந்தி டத்தோ வர்றாரு. அவரு முன்னால எல்லாக் கம்ப்யூட்டரும் ஓடுச்சுன்னா கொட்டாய் உனக்கு. ஓடலைன்னா சோபாவுக்கு."

குமுதாவுக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். கதைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: ஓர் அறை, ஒரு பெண், ஒரு சோபா.

* கேமரன் மலையில் ஏர்கோன். சுற்றுப்பயணிகளுக்குக் கம்பளிச் சட்டை விற்றே சிலர் வீடு கட்டியிருக்கும் ஊரில், ஏர்கோன். குளிர்ச்சிக்காக அல்ல என்று தலைவர் பிறகு விளக்கம் தந்தார். சுவரில் அது இருந்தால் அறைக்கு ஒரு முகம் வரும் என்றார்.

4

இப்போது லிங்கேஸ்வரனை உள்ளே கொண்டுவர வேண்டும். எனக்கு இவன்மீது சந்தேகம்.

கமருஸ்ஸமான் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன் இவன்தான். கியா பார்ம் என்ற ஊரில் ஒரு காய்கறிப் பண்ணையில் சொட்டுநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மோட்டார் சைக்கிளில் பெங்குயின் ஒட்டி, ஹெல்மெட்டில் பெங்குயின் ஒட்டி, மழைச்சட்டையிலும் ஒட்ட முயன்று தோற்றவன். லினக்ஸின் சின்னம் பெங்குயின் பறவை என்பதை அவன் எனக்கு மூன்று கோப்பை தேநீர் நீளத்துக்கு விளக்கினான்.

என் சந்தேகம் இதுதான்: இவன் மனிதனைப் போலப் பேசுவதில்லை. "இது சாப்ட்வேர் இல்லண்ணே, சுதந்திரம்" என்று தொடங்குவான். (இங்கே நான்கு வகை உரிமைகளைப் பற்றி லிங்கேஸ்வரன் ஆற்றிய உரை நீக்கப்பட்டது. இரண்டாவது உரிமையிலேயே கடைக்காரர் விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டார்.) கதையில் இவனை அடக்கி எழுதினால் உண்மையாக இல்லை, உள்ளபடி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

குமுதாவுக்கு அவன் உதவியது உண்மை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ், பழைய கணினியிலும் ஓடும் என்றான். ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. வாரம் ஒன்று. பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. ஓர வரிசையிலிருந்து தொடங்கி, யாருக்கும் தெரியாமல், மெல்ல மெல்ல. சுதந்திரத்தைப் பறைசாற்றாமல் எப்படித் தருவது என்று லிங்கேஸ்வரன் தவித்தான். "வாய மூடிக்கிட்டுத் தா லா," என்றாள் குமுதா.

முதல் கணினி மாறிய வாரம் ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, இந்தக் கம்ப்யூட்டர் ஏன் சீக்கிரமாத் தொறக்குது? கெட்டுப் போச்சா?"

லினக்ஸ் பரவிய வரலாற்றைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுத வேண்டியவன் நான். அந்தக் கேள்விக்குமேல் என்னிடம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஆசிரியருக்காக ஒரு பத்தி: ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் மேடையேறி, இதுதான் மேசைக் கணினியில் லினக்ஸ் வெல்லப்போகும் ஆண்டு என்று அறிவிப்பார், கைதட்டுவார்கள், ஆண்டு முடிந்துவிடும். டத்தோ வந்துகொண்டிருக்கிறார் என்று மைக்கில் சொல்வது போலத்தான். மேடைக்கு அது வரவே இல்லை. பந்தலின் பின்பக்கமாக, கழித்துக் கட்டிய கணினி வழியாக, வேறு வழி இல்லாதவர்களின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது நூறு பேரில் நாலைந்து பேரிடம் இருக்கிறதாம். யார் எண்ணினார்கள் என்று தெரியாது. எங்கள் தோட்டத்துக்கு எண்ண யாரும் வரவில்லை.

தலைவர் காதுக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"என்னமோ புதுசா வாங்கிப் போட்டிருக்கியாமே. எவ்வளவும்மா?"

"காசு இல்ல தலைவரே. பெர்சுமா."

"பெர்சுமாவா?" மலாய்க்காரர்கள் சாதாரணமாகச் சொல்லும் சொல். இலவசம் என்று பொருள். தலைவர் வாயில் அது கெட்ட வார்த்தை போலிருந்தது. "ஓசி சாமானையா டத்தோவுக்குக் காட்டப் போற? நாம என்ன பிச்சையா எடுக்கிறோம்?"

லிங்கேஸ்வரனால் பொறுக்க முடியவில்லை. "உலகத்துல இருக்கிற பெரிய பெரிய சர்வர் எல்லாம் இதுலதான் ஓடுது தலைவரே."

"அப்ப அவங்களும் பிச்சைக்காரங்களா?"

லிங்கேஸ்வரன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

5

அந்தச் சனிக்கிழமை.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை காலை. தலைவரின் மனைவி சரோஜா, விடியும் முன்பே கொட்டகைக்கு வந்து, எல்லாக் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். ஆயுத பூசைக்கு லோரிக்கு வைப்பது போலவே, பக்கவாட்டில் ஒன்று, நெற்றியில் ஒன்று. பழைய விண்டோஸ் சின்னம் ஒட்டியிருந்த இடம்தான் நெற்றியாக அமைந்தது. ஒரு முழு வரலாறு சந்தனத்துக்கு அடியில் போயிற்று.

தலைவர் கையில் மடித்த பொன்னாடையோடு வாசலில் நின்றார். கமருஸ்ஸமான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்து, சரோஜா கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தார். பெற்றோர்கள், பிள்ளைகள், நிர்வாகத்தினர், இரவல் நாதஸ்வரம் ஒன்று. எல்லாரும் இருந்தார்கள். டத்தோ மட்டும் இல்லை. அவருடைய உதவியாளர் தொலைபேசியில் வந்தார்.

"கியா பார்ம்ல ரோடு ஜேம் தலைவரே. ஸ்ட்ராபெரிக் கூட்டம். காடி நகரவே இல்ல."

விடுமுறைச் சனிக்கிழமையில் கியா பார்ம் வழியாக வரச் சொன்னது யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ராகு காலம் தொடங்கப் போவுது," என்றார் சரோஜா. "அவரு வந்து உக்காந்துக்கட்டும். நாம ஆன் பண்ணிருவோம்ங்க."

குமுதா சுவரில் இருந்த பொத்தானைத் தட்டினாள். வரிசை முழுக்க ஒரே நேரத்தில் உயிர்பெற்றது. ஒவ்வொரு திரையிலும், திரை நிறைய, கறுப்பாக, கூரிய அலகோடு, ஒரு பறவை உட்கார்ந்து தலைவரைப் பார்த்தது.

நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்தினார்.

"ஐயோ," என்றார் சரோஜா. "காக்கா!"

"காக்கா இல்லக்கா, பெங்..." என்று லிங்கேஸ்வரன் தொடங்கினான்.

"சனிக்கிழமை அதுவுமா!" சரோஜா கணவரின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "உங்க ராசிக்கு இப்பதானே ஏழரை தொடங்கியிருக்கு! சோசியர் சொன்னாரா இல்லையா? எங்க போனாலும் எதிர்ல வந்து நிப்பாருன்னு சொன்னாரா இல்லையா?"

தலைவருக்கு வியர்த்தது. ஏர்கோன் இல்லாத குறை அன்று ஒருநாள் மட்டும் உண்மையாகவே தெரிந்தது.

"தலைவரே, நல்லாப் பாருங்க," என்றான் லிங்கேஸ்வரன். "வயிறு வெள்ளையா இருக்கு. காக்காவுக்கு எங்க வயிறு வெள்ளையா இருக்கு?"

"மலைக்கு வந்திருக்காருல்ல," என்றார் சரோஜா. "குளிருக்குப் பனியன் போட்டிருப்பாரு."

சபை இதை ஏற்றுக்கொண்டது. பின்வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கமருஸ்ஸமானைப் பொதுவான ஆளாகக் கருதி அபிப்பிராயம் கேட்டார்கள். "எனக்கு வாத்து மாதிரி தெரியுது," என்றார் அவர். "ஆனா நான் வெளியாளு."

டத்தோ அன்று வந்து சேரவே இல்லை. அங்கேயே ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

6

பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டினால் நான் கற்பனை செய்தேன் என்பீர்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. சோபா ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. கணினிகளை எடுத்து வெளியே வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

"யாரு தூக்குறது?" என்று கேட்டார் சரோஜா.

சொன்னவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சரோஜாவே தொடர்ந்தார்.

"அவராத் தேடி வந்து உக்காந்திருக்காரு. கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினா சும்மா விடுவாரா? அவரா எந்திரிச்சுப் போற வரைக்கும் யாரும் கைய வைக்கப்படாது."

அப்படியே தீர்மானமாயிற்று. சனி பகவான் ஓரிடத்தில் இருப்பது இரண்டரை ஆண்டு.* அதுவரை ஆயாக் கொட்டகையில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது. வகுப்பு நிற்கக் கூடாது. தினமும் அவருக்கு மின்சாரம் போக வேண்டும். சோபா தலைவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் வழுக்கும்.

சனிக்கிழமைதோறும் கொட்டகை வாசலில் எள் விளக்குகள். ஒயர் பக்கம் வைக்கக் கூடாது என்பது குமுதாவின் ஒரே நிபந்தனை. அடுத்து நடந்ததுதான் ஆசிரியர் கேட்ட 'படிப்படியான பரவல்'. தோட்ட அலுவலகக் கிராணியின் கணினி சொல்பேச்சுக் கேட்காமல் இருந்தது. லிங்கேஸ்வரனைக் கூப்பிட்டு, "அந்தக் கறுப்புச் சாமியை இதுலயும் ஏத்தி விடுப்பா" என்றார். வேகம் வந்தது. அருள் என்றார். லயத்தில் ஒவ்வொரு வீடாகப் பழைய மடிக்கணினிகள் பரணிலிருந்து இறங்கின. கடைசியில் சரோஜாவே ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டுக்குள்ளேயே அவரை வைத்துக்கொண்டால் பார்வை கொஞ்சம் குறையுமாம்.

லிங்கேஸ்வரன் என் எதிரில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் சுதந்திரம்னு சொல்றேன். யாரும் கேக்கல. சனின்னதும் வரிசையில நிக்கிறாங்கண்ணே."

"பரவிருச்சுல்ல?"

"பரவிருச்சு. அதுதான் வயித்தெரிச்சலா இருக்கு."

நான் சிரித்தேன். நான் பகுத்தறிவுவாதி. ராகு காலம் அச்சிடாத நாட்காட்டியாகப் பார்த்து வாங்குகிறவன். சிரித்த கையோடு என் மடிக்கணினியையும் அவனிடம் நீட்டினேன், ஆராய்ச்சிக்காக. லினக்ஸ் போட்டுத் தந்தான். அழகாக ஓடுகிறது. வைஃபை மட்டும் வருவதில்லை. அதை அவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

* எந்தத் தேதியில் இடம் மாறுகிறார் என்பதில் இரண்டு பஞ்சாங்கங்கள் ஒத்துப்போவதில்லை. லினக்ஸிலும் இதே நிலை. அதில் வகைகள் பல. ஒரு வகையைப் பிடித்தவர்கள் மற்ற வகைக்காரர்களைக் கோயிலுக்குள் விட யோசிப்பார்கள்.

7

இதுவரை எழுதியதை, பிழை இருந்தால் சொல்லட்டும் என்று, குமுதாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கதாபாத்திரங்களிடம் கதையைக் காட்டக் கூடாது என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். குரல் செய்தி வந்தது.

"அண்ணே, படிச்சேன். என்னை ஏன்ணே இவ்ளோ மக்கா எழுதியிருக்கீங்க? ஏதோ தெரியாம சுவிட்சைத் தட்டினேன், தானா பறவை வந்துச்சு, தானா ரூம் தப்பிச்சுதுன்னு? லிங்கா அந்தப் படத்தைப் போட்டான்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்களா? அவன் சின்னதா, ஓரமா, சிரிக்கிற மாதிரி ஒண்ணு வச்சிருந்தான். நாந்தான் அதை ஸ்கிரீன் பூரா பெருசாக்கினேன். அலகைக் கொஞ்சம் கூராக்கினேன். தலைவருக்கு ஏழரைன்னு லயத்துக்கே தெரியும். டத்தோவை சனிக்கிழமை வரச் சொல்லுங்க தலைவரே, அன்னிக்குத்தான் பிள்ளைங்க எல்லாம் இருக்கும்னு சொன்னதும் நாந்தான். எல்லா கம்ப்யூட்டரும் டத்தோ முன்னால நல்லா ஓடியிருந்தாலும் அந்த மனுசன் சோபாவைத்தான் போட்டிருப்பாரு. ஓசின்னு தெரிஞ்சப்பவே முடிவு பண்ணிட்டாரு, மூஞ்சியில எழுதியிருந்துச்சு."

இரண்டாவது செய்தி உடனே வந்தது.

"ஜேம்முக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. கியா பார்ம் வழியா வந்தா காட்சி நல்லாருக்கும்னு மட்டும் அவரு ஆளுகிட்ட சொன்னேன். அது எங்க ஹோட்டல்ல எல்லாருக்கும் சொல்றதுதான்."

ஐந்தாம் பகுதியை மாற்றி எழுதலாமா என்று பார்த்தேன். அங்கே குமுதா பொத்தானைத் தட்டும் வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. தட்டியவளை நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது செய்தி சற்று நேரம் கழித்து வந்தது. குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, இதை பேப்பர்ல போடாதீங்களேன். விசயம் தெரிஞ்சா அன்னிக்கே கம்ப்யூட்டர் வாசல்ல கெடக்கும். அடுத்த வருசம் பரீட்சை எழுதுற பிள்ளைங்க இருக்காங்க. எங்க போவாங்க?"

தலைவர் கதை படிக்கமாட்டார்; அவர் படம் வந்த பக்கத்தை மட்டுமே படிப்பார் என்று பதில் அனுப்பினேன்.

"தலைவரு படிக்க மாட்டாரு. சரோஜா அக்கா படிப்பாங்க. வடை மடிச்சுக் குடுத்த தாளையும் விரிச்சு வச்சுப் படிக்கிறவங்க அவங்க."

பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"பேரை மாத்தி என்னண்ணே பண்றது? இந்த மலையில ஏர்கோன் வாங்க நெனச்ச ஆளு ஒருத்தர்தானே லா."

8

ஆக, இந்தக் கதை வெளிவந்தால் கதையில் வரும் அறை போய்விடலாம். இப்படி ஓர் இக்கட்டு எனக்கு இதற்கு முன் வந்ததில்லை. என் கதைகளால் இதுவரை யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. குமுதா அடுத்த பொங்கல் விழா மேடையில் ஏறி உண்மையைச் சொல்கிறாள். தலைவர் கண்கலங்கி, "என் கண்ணைத் திறந்தாய் மகளே" என்று சோபாவைப் பிள்ளைகளுக்கே... இதற்குமேல் எழுத என் கை ஒத்துழைக்கவில்லை. நாகப்பன் எழுத்துத் தமிழில் கண்கலங்குகிறவர் அல்லர்.

முடிவு இரண்டு. உண்மையின்மீது பற்றுக்கொண்ட லிங்கேஸ்வரன், சங்கடம் தாங்காமல், பறவையை நீக்கிவிட்டு வெறும் நீலத் திரையை வைக்கிறான். பகவான் புறப்பட்டுவிட்டார் என்று தலைவர் மேளம் கொட்டி அறிவிக்கிறார். மறுநாள் கணினிகள் வாசலில்; ஏர்கோன் சுவரில். உண்மை வென்றது, பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். இதை லிங்கேஸ்வரனிடம் படித்துக் காட்டினேன். ஹெல்மெட்டில் இருந்த பெங்குயினை நகத்தால் சுரண்டினான். பிறகு, "பறவை இருக்கட்டும்ணே. அலகை மட்டும் கொஞ்சம் மழுக்கிக்கலாமா?" என்றான்.

முடிவு மூன்று. சரோஜா இந்த இதழை விரித்துப் படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படிக்கிறார். நேராகக் குமுதாவிடம் வருகிறார்.

"ஏன்டி, காக்காவுக்கும் பெங்குயினுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? டிவியில எத்தனை பாத்திருக்கேன்."

"அப்ப ஏன்க்கா அன்னிக்கு அப்படிக் கத்துனீங்க?"

"மெல்பர்ன்ல இருக்கிற என் மகளை வாராவாரம் இந்தக் கொட்டாய்லதானே பாக்குறேன். வீட்டுல லைனு இல்ல, நீதான் எல்லாம் வச்சுக் குடுக்கிற. சோபாவுல உக்காந்தா மக தெரிவாளா?"

இந்த மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதும்போது நானே சிரித்தேன். ஆனால் இது நடந்ததா, நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா, தெரியவில்லை. சரோஜா ஒவ்வொரு ஞாயிறும் கொட்டகையில் மகளோடு பேசுவது உண்மை. நான் அன்று அங்கே இல்லை; அவர் கத்தியபோது முகத்தில் பயம் இருந்ததா என்று கமருஸ்ஸமானிடம் விசாரித்தேன். "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நாசி லெமாக் பொட்டலத்தை மட்டும் கீழ போடல," என்றார். இதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது?

சரோஜாவிடமே கேட்கலாம். கேட்டால் தெரிந்துவிடும். அவருக்கு ஏற்கெனவே தெரியாமல் இருந்தால், நான் கேட்டதால்தான் தெரிந்துவிடும்.

9

ஆசிரியர் இரண்டு முறை அழைத்துவிட்டார். கதையை அனுப்புகிறேன். முடிவை அனுப்பவில்லை.

ஆகவே இதைப் படிக்கும் நீங்கள் பார்த்து நடந்துகொள்ளுங்கள். மலைக்கு வருவீர்கள். ஸ்ட்ராபெரி வாங்குவீர்கள். கியா பார்ம் நெரிசலில் நிற்பீர்கள். அப்புறம் ஏதோ ஒரு தோட்டத்தில், வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக ஒரு பழைய கொட்டகையைப் பார்ப்பீர்கள். உள்ளே பிள்ளைகள் வரிசையாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் பொன்னாடை போர்த்திய ஒரு பெரியவர் நின்று, உள்ளே வராமல், உங்களிடம் மெதுவாகக் கேட்பார்: "நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது. அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிறது என்ன பறவைங்க?"

என்ன சொல்வீர்களோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு. பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தால், பதில் சொல்வதற்கு முன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

என்னைக் கேட்காதீர்கள். போன சனிக்கிழமை, வைஃபைக்காக, நானும் ஒரு எள் விளக்கு ஏற்றினேன்.